இரண்டு மேகசின்

வெள்ளி என்றால் எனக்குத் தெரியும்.
செவ்வாய்ப்பேட்டைக்காரன்.
கொலுசைக் கையில் எடுத்ததுமே
பற்றவைத்த இடத்தில் எவ்வளவு செம்பு என்று
விரல் சொல்லிவிடும்.
துப்பாக்கிக்கு அப்படி ஒரு விரல் எனக்கு இல்லை.

லைசென்ஸ் வந்து நாலு மாசம்.
கோலாப்பூருக்குச் சரக்கோடு போகிறவன்,
புதுசு வாங்கக் காசு புரளாதவன்.
நாகலூர் பெர்க்மான்ஸ் விற்கிறார் என்று
சபியுல்லாதான் சொன்னான்:
முப்பத்திரண்டு போர், பதினோரு வருஷம், ஒரே கை.

ஒரே கை என்றுதான்
ஐந்து ரோட்டில் பழைய கார்களையும் விற்கிறார்கள்.

இருபது கொண்டை ஊசி ஏறினோம்.
காப்பி பூத்து, தோட்டமே தலைவலி வரும் அளவுக்கு மணத்தது.
சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து
சபியுல்லா அதைப் பிரித்துப் போட்டான்,
மீன் அறுக்கிறவளைப் போல, பேசாமல்.
குழலை ஜன்னலுக்கு நேரே தூக்கி
உள்ளே பார் என்றான்.
வரிகள் சுழன்று சுழன்று போய்
அந்தப் பக்கம் காசளவு ஆகாயம்.
குழி இல்லை. துரு தின்னவில்லை.
ஸ்பிரிங் மட்டும் களைத்திருக்கு, மாற்றிவிடலாம்.
கைப்பிடித் திருகில் யாரோ
பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் கீறிய காயம்.

புதுசாட்டம் மின்னுதே, என்றேன்.
மின்னுறதை விடு, தேய்ஞ்சதைப் பாரு.
தேய வேண்டிய இடத்துல
ரெண்டு பக்கமும் ஒண்ணா தேய்ஞ்சிருக்கணும்.

மொத்தம் எவ்வளவு சுட்டிருப்பீங்க?
பெர்க்மான்ஸ் விரல் மடக்கினார்.
முப்பது. மிஞ்சினால் முப்பத்தைந்து.
பதினோரு வருஷத்தில்.
பெண் பார்க்க வந்து
காப்பி ஆறும்வரை வாய் திறக்காத மாப்பிள்ளையை
நல்லவன் என்று எதை வைத்துச் சொல்வது?

இருநூறு வெடிக்காமல் எதையும் நம்பாதே என்பான் சபியுல்லா.
என் லைசென்ஸில் வருஷத்துக்கு இருபத்தைந்து தோட்டா.
நம்பி முடிக்கவே எட்டு வருஷம் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை, ரைபிள் கிளப்.
இன்னும் அவர் பேரில் இருப்பதால் அவர்தான் சுட வேண்டும்.
கோட்டாவில் மிச்சம் பதினாறு.
எட்டு. நிறுத்தி மறுபடி எட்டு.
ஒன்றும் சிக்கவில்லை.
காலிக் கூடுகள் வலது பக்கம் ஒரே இடத்தில் விழுந்தன.
டிபன் டப்பாவில் பொறுக்கி எண்ணினேன். பதினாறு.
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
ஊசி குத்திய பொட்டு, நட்ட நடுவில்.

சரி, இன்னொரு மேகசின்?
பேப்பரில் ரெண்டு இருக்கே, என்றான் சபியுல்லா.

பெர்க்மான்ஸ் ஜீப்பைப் பார்த்தார்.
ஜீப்பில் ஸ்டெல்லா அம்மா.
கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார்,
கையில் தரவில்லை,
விரித்து மட்டும் காட்டினார்.

சபியுல்லாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.
உதடு கோணியிருக்கும்மா.
தோட்டா மேல ஏறாம முட்டி நின்னிருக்கும்.
பிளையர் இருந்தா ரெண்டு நிமிஷம், நிமிர்த்திடலாம்.

நின்னுச்சு, என்றார் அவர்.
முதல் குண்டு மோட்டார் ரூம் கதவுல பாஞ்சுது.
ரெண்டாவதுக்கு நின்னுச்சு.
நடுராத்திரி ரெண்டு மணி.
நாய் குலைக்கல, அப்பவே எங்களுக்கு உறைச்சிருக்கணும்.
நிக்சன் பெங்களூர்லருந்து சொல்லாம வந்திருந்தான்.
சாவி இல்லாம பின்பக்கமா சுத்தி வந்தான்.

பெர்க்மான்ஸ் காது அடைப்பானை
இன்னும் கழற்றாமலே நின்றார்.

பிஸ்டலை எடுத்துட்டுப் போங்க.
இதை நான் தர்றதா இல்லை.
வேணும்னா விலையில கழிச்சுக்கோங்க.

கழிக்கவில்லை.
ஏன் என்று சபியுல்லா ஊர் வரும்வரை கேட்டான்.

கலெக்டர் ஆபீஸில் கிளார்க்
பேனா முனையால் ஒரு வரியைத் தட்டினார்.
ரெண்டுன்னு இருக்கு. ஒண்ணுதான் காட்டுறீங்க?

அது பழுதுங்க, என்றேன்.
எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து வண்டியை உதைக்கும்போதுதான்
பொய் சொல்லிவிட்டேனோ என்று இருந்தது.