கழித்தபின்

இரவு ஒன்பதுக்கு மேல்தான் காந்தம் எங்களுக்கு.
கோரிமேட்டில் கடைசி டவுன் பஸ் திரும்பும் சத்தம் கேட்டதும்
வாசலில் உட்கார்ந்து மெட்டியைக் கழற்றுவேன்.
வெள்ளி ஒட்டாது, தெரியும்.
ஆனாலும் விதி.

முதல் வாரம்
துப்பட்டாவில் மறந்துபோன ஊக்கு ஒன்று
என்னைவிட்டுப் பறந்துபோய்க்
காந்தத்தின் வாயோரம் நின்றது.
அமலோற்பவம் பிளாஸ்டிக் ஸ்கேலால் நெம்பி எடுத்தாள்.
"பக்தி முத்திப்போச்சு" என்றாள்.

கடற்காற்றில் எல்லாம் துருவேறும் ஊர் இது:
கத்தரி, கூண்டுக் கொக்கி, என் ஸ்கூட்டியின் கிக்கர்.
எலியின் மண்டையில் பதித்திருக்கும்
கரிநூல் மட்டும் துருவேறாது.
அதைக் காந்தமும் தொடாது.

எண் இருபத்தேழு. முந்நூற்றுப் பத்து கிராம்.
பல்லுக்கு ஒரு கம்பி, அதுவும் பிளாஸ்டிக்.
வயிற்றடியில் வெந்நீர்க் குழாய்.
மூக்கில் மயக்க வாயு, ஒன்றரை சதம்.
மீசைமேல் அரை நிமிடத்துக்கு ஒரு ஊதல்.

ஊதியதும் மின்சாரம் சொல்லிவிடும்.
ரத்தம் இரண்டு வினாடி கழித்து
நிதானமாக வந்து சேரும்,
சண்டை முடிந்தபின் வரும் போலீஸ் ஜீப் மாதிரி.
எப்போது என்பது அதற்குத் தெரியும்,
எங்கே என்பது இதற்குத் தெரியும்.
ஒரே தலையில், ஒரே நேரத்தில்
இரண்டு பேரையும் விசாரிக்கத்தான் இவ்வளவு பாடு.

விசாரிக்க விட்டால்தானே.
பக்கத்து மனையில் போர் போடும் லாரியைப் போலக்
காந்தம் கத்தும்.
கோட்டில் மூளை இல்லை, வெறும் வேலி.
ஆயிரம் கத்தலின் சராசரி எடுத்துக்
கத்தலிலிருந்து கழித்தால்
வேலி சாய்ந்து
உள்ளே ஏதோ அசைவது தெரியும்.

அதன்மேலும் ஒரு சின்ன மேடு.
வினாடிக்கு ஐந்து.
எதைக் கழித்தும் போகவில்லை.

"இதயம்" என்றார் கோதண்டபாணி சார்,
தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல்.
ஒவ்வொரு துடிப்புக்கும் தலை ஒரு மயிரிழை நகர்கிறதாம்,
காந்தத்துக்குள் நகர்வதெல்லாம் மின்சாரமாம்.
"மூளை வேணும்னா அதையும் கழிங்க."

சரிபார்க்க இன்னொரு பதிவு வேண்டும்.
காந்தம் மட்டும், எலி இல்லாமல்.
எலி இல்லாமல் என்றால்
எலி அப்படியே இருக்க வேண்டும்,
அதே எடை, அதே ஈரம், அதே கரிநூல்.
அனுமதிப் படிவத்தில் இருக்கிறது, ஒன்பதாம் பத்தி.
அடியில் என் கையெழுத்து.

அமலோற்பவம் வாயுவின் திருகைத் திருப்பினாள்.
வினாடிக்கு ஐந்து.
மூன்று.
பிறகு எண்ண நேரம் கிடைத்தது.

வெந்நீரை நிறுத்த
இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

காந்தம் கத்தியது.
மீசைமேல் ஊதல் தன்பாட்டுக்கு
அரை நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது.
மூன்று மாதத்தில்
அவ்வளவு சுத்தமான கோடு நான் பார்த்ததில்லை.
கோப்புக்கு என்ன பெயர் என்று அது கேட்டது.
"27 வெறும்" என்று அடித்தேன்.
அழித்துவிட்டுத் தேதியை மட்டும் போட்டேன்.

நாலரை மணி. வெளியே உப்பு வாடை.
மெட்டி வீங்கிய விரலில் ஏற மறுத்தது, பையில் போட்டேன்.

அறைக்கு வந்து ஒருக்களித்துப் படுத்தால்
தலையணையில் புதைந்த காதுக்குள்
ஒரு மேடு, ஒரு மேடு.
தலை நகர்கிறதா என்று பார்த்தேன்.

காலையில் சார் குறுஞ்செய்தி:
பிரமாதம். இருபத்தெட்டை எப்போது வைக்கலாம்?