பதினோராவது துளை

இருபது கொண்டை ஊசி வளைவில்
பதினெட்டு வரைக்கும் பனி இல்லை.
அதற்குமேல் வண்டி விளக்கு
எனக்கு முன்னால் ஐந்தடிக்கு மட்டும் வேலை செய்தது.
முதுகுப்பையில் புது ஸ்விட்ச்.
கால்களுக்கிடையே ஒரு பேட்டரி,
அது ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு, சாயங்காலம் தரவேண்டியது.

நாகலூர் போகும் வழியில் அந்த எஸ்டேட்.
ஐப்பசிக் கடைசி இடி கம்பத்தில் இறங்கி
கம்பி வழியே நடந்து வந்து
எடைக் கொட்டகைச் சுவரில் இருந்த பழைய ஸ்விட்சைத்
தின்றுவிட்டுப் போயிருந்தது.
தீய்ந்த வெல்லப்பாகு வாசனை.
மேற்பார்வை அர்த்தநாரி சொன்னார்:
"மூணு நாளா நோட்டுல எழுதறோமுங்க, கை நோவுது."

செத்ததின் விலாவில்
கட்டைவிரல் அகலத்தில் ஒரு கதவு.
திருகாணியைக் கழற்றி
அட்டையை உள்ளே அழுத்தினேன்.
வெளியே வர வேண்டுமென்றாலும்
முதலில் உள்ளே அழுத்தத்தான் வேண்டும் அதை.
டிக் என்றது, வந்தது.
பெரிய தபால்தலை அளவு மெமரி கார்டு.
இடி இதைத் தொடவில்லை,
அல்லது தொட்டதா என்று இன்னும் தெரியவில்லை.

புதியதின் கரண்டை நிறுத்திவிட்டுத்தான் செருக வேண்டும்.
அட்டையின் ஒரு மூலை வெட்டியிருக்கும்.
அந்த மூலை சொல்கிற பக்கம் தவிர
எப்படித் திணித்தாலும் போகாது.
கொஞ்சம் ரோஷக்காரி.

பிறகு காத்திருப்பு.
மஞ்சள், மஞ்சள், ஒன்றுமில்லை, மஞ்சள்.
வெளியே மூட்டை மூட்டையாய்க் காப்பிப் பழம்,
சாக்கை முக்காடிட்ட பெண்கள்.
நாலாவது நிமிஷம் பச்சை.
லேப்டாப்பில் தன் பெயரைச் சொன்னது புதியது:
செத்ததின் பெயர்.
நேற்று டப்பாவிலிருந்து வெளியே வந்ததற்கு
ஆறு வருஷ ஞாபகம்.

ஒவ்வொரு துளைக்கும் ஒரு குறிப்பு.
எனக்கு முன்னால் வந்துபோன யாரோ
ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வைத்திருந்தார்.
மூன்று: கேட் கேமரா, குரங்கு திருப்பிடும்.
ஏழு: ஆபீஸ், புடுங்காதீங்க.
ஒன்பது: தராசு ஒண்ணு.
பதினொன்று: தராசு ரெண்டு. கூட காட்டுது. மூடச் சொன்னாங்க.

மூடித்தான் இருந்தது.
மூடியதையும், சொன்னதையும்
அப்படியே சுமந்து வந்திருக்கிறது அட்டை.

அர்த்தநாரி டீ சொல்லப் போயிருந்தார்.
பேட்டரியின் மேல் எடை அச்சடித்திருந்தது: எட்டு கிலோ.
முதல் தராசில் வைத்தேன். ஏழு நானூறு.
தூசி படிந்த ரெண்டாவதில் வைத்தேன். எட்டு.
என்மேல்தான் சந்தேகம், மறுபடி தூக்கினேன்.
ஏழு நானூறு.
எட்டு.
வாசலில் நின்ற வெள்ளச்சி
பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.
கணக்கு எனக்குத்தான் புதுசு.

திறக்க ஒரு வரி, மூட ஒரு வரி.
பதினொன்றைத் திறந்தேன், ஒன்பதை மூடினேன்.
அதே ஆங்கில எழுத்தில், அதே தமிழில் ஒன்பதுக்கு எழுதினேன்:
கம்மி காட்டுது. யாரும் சொல்லல.

சேமிக்கவா என்று ஸ்விட்ச் கேட்காது,
நாமாகச் சொல்ல வேண்டும்.
சொல்லாத வரிக்கு
அடுத்த கரண்ட் கட் வரைதான் ஆயுசு.
சொன்னேன்.
பிறகு அட்டையை எடுத்து, அதன் ஓரத்தில்
எள்ளுருண்டையில் ஒரு எள் அளவுக்கு இருக்கும் பூட்டை
நகத்தால் நகர்த்தி
திரும்பச் செருகினேன்.
இனி படிக்கலாம், எழுத முடியாது.

டீயில் ஏலக்காய் போட்டிருந்தார்கள்.
'கார்டு மாற்றப்பட்டது, நன்றாக இயங்குகிறது'
என்ற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட அர்த்தநாரி
"கரண்ட் நாளைக்கு நாலு தடவை போகுதுங்க,
இங்கயும் ஒரு பேட்டரி வைக்கோணுங்களா?" என்றார்.
வேண்டியதில்லை என்றேன்.

கண்டுபிடிப்பார்கள்.
சேலத்திலிருந்து இன்னொருவரை வரவழைத்து
பதினொன்றை மூடுவார்கள், அது என்னையேகூட இருக்கலாம்.
ஆனால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும்
ஸ்விட்ச் கண் விழித்து
அட்டையைத்தான் முதலில் கேட்கும்.
பூட்டைப் பற்றித் தெரிந்தவர் வரும் வரைக்கும்.

இருட்டில் இறங்கும்போது
பன்னிரண்டாவது வளைவில்
மேலே விளிம்பு விளக்குகள் மொத்தமாய் அணைந்தன.
கீழே அஸ்தம்பட்டி வரை வெளிச்சம் அப்படியே இருந்தது.
வண்டியை ஓரங்கட்டினேன்.
நாற்பது கிலோ மூட்டைக்கு மூன்று கிலோ,
ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, ஆறு வருஷத்துக்கு எத்தனை நாள் என்று
பெருக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு
கரண்ட் வரட்டும் என்று நின்றேன்.