முப்பத்தேழாவது பெயர்

சோளகம் எழும்பிய கிழமை
உப்புவெளிக்கு வெளியே, ஃபைபர் வள்ளத்திலிருந்து
அதை இறக்கிவிட்டோம்.
ஆளில்லாப் பாய்ப்படகு. ஒன்றரை மீற்றர் நீளம்,
முதுகில் சோலார் தகடு,
வயிற்றுக்குள் மும்மொழிக் கடிதமும்
துவாரகேஷ் ஒளித்துவைத்த புளி டொபியும்.

பெயர் வைக்கப்போய்ச் சண்டை வந்ததால்
வகுப்பு இடாப்பின் கடைசியில்
முப்பத்தேழு என்று மட்டும் எழுதினேன்.
காலையில் இடாப்புக் கூப்பிடுகையில்
கிறேசியன் சேர் ஃபோனைப் பார்த்துச் சொல்வார்:
"வரவு. எண்பத்து மூன்று பாகை கிழக்கு."

புவியியல் படத்தில் கடல் ஒரே பூச்சு நீலம்.
அதன்மேல் நாங்கள் குத்திய குண்டூசிகள்
நேரே போய்க்கொண்டிருந்தவை
வளைந்தன.
ஒன்பது நாளில் ஒரு முழு வட்டம்.

"சுக்கான் முறிஞ்சிட்டுது" என்றான் நிரோஜன்.
"எனக்கும் விளங்கேல்ல" என்றார் சேர்.
வாத்தியார் ஒருவர் அப்படிச் சொல்லி
நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை.

வெப்பநிலை நிரலில் விரலை ஓட்டியபடி
நுஸ்கியா வாசித்தாள், தலை நிமிராமல்:
இருபத்தெட்டரை. இருபத்தெட்டு. இருபத்தாறு.
"அடியில இருந்து குளிர் ஏறுது சேர்.
படகில பிழையில்ல,
தண்ணிதான் சுத்துது."
அவளுடைய வாங்கைச் சுற்றி முழு வகுப்பும்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்குப் பிறகு
சிக்னல் இல்லை.
சேர் இடாப்பை என்னிடம் தள்ளினார்.
ஒன்று போட்டால் பொய்.
சைபர் போட்டால், யாருக்குத் தெரியும்,
அதுவும் பொய்யாகலாம்.
கட்டத்துக்குள் சின்னதாய் ஒரு வட்டம் கீறி
இடஞ்சுழியாய் ஓர் அம்பு வைத்தேன்.

வலயத்திலிருந்து வந்த அதிகாரி
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்,
இந்தப் பிள்ளைக்கு ஏன் இத்தனை சைபர் என்று.