டேப்பட் சத்தம்

தாராபுரத்தைத் தாண்டி, காற்றாலைகளுக்குக் கீழே
ஒரு தகரக் கொட்டகையில் நின்றிருந்தது
இமயமலையின் பேர் வைத்த வண்டி.
கைப்பிடியில் ஐந்து நிறக் கொடித்துணி.
பெட்டியில் "லே" என்று ஒட்டிய வட்டம்.
"லடாக் போய்ட்டு வந்ததுங்க" என்றார் செங்கோட்டுவேலு.
"ரெண்டு தடவை."

போக வர ஏழாயிரம். ரெண்டு தடவைக்குப் பதினாலு.
மீட்டரில் பதினொண்ணு முன்னூறு.
காங்கேயம் அரிசி மில்லில்
பதினாறு வருசமாகக் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஐயாயிரம் மட்டும் குறைக்கச் சொன்னேன்.

"ஸ்கூட்டி போதாதுங்களா மேடம்?"
"போதுமுங்க" என்றேன்,
படிவம் முப்பதில் தமயந்தி என்று கையெழுத்துப் போட்டபடி.
சாவியை நீட்டிய கை
சித்த நேரம் நீட்டியபடியே இருந்தது,
நான் வாங்கிக்கொண்ட பிறகும்.

உட்கார்ந்தால் என் கால் முழுசாக ஊன்றாது.
ஒரு பக்கம் பெருவிரல், மறுபக்கம் நம்பிக்கை.
மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டு முன்னால் சாய்ந்தது.
நூற்றுத் தொண்ணூறு கிலோ,
எங்கள் கணக்கில் இரண்டரை மூட்டை.
நாலு பேர் ஓடி வந்தார்கள். வேண்டாமுங்க என்றேன்.
இடுப்பை சீட்டுக்குக் கொடுத்து, பின்பக்கமாக நடந்து
நானே நிமிர்த்தினேன்.
கை தட்டியவர் பொரிகடலைக்காரர் ஒருத்தர்தான்.

சென்னிமலை ரோட்டில் ஜாஃபர்
ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான்.
தரையில் ஒரு சிவப்பு வட்டம்.
"லடாக் மண்ணு இல்லீங்கக்கா. மூலனூர்ச் செம்மண்ணு."
சீட்டுக்கு அடியில் காய்ந்த முருங்கைப்பூ,
ஒரு சந்தை ரசீது,
அதன் முதுகில் பென்சிலில்:
மணாலி, சர்ச்சு, பாங், லே,
ஊருக்கு ஊர் எத்தனை கிலோமீட்டர், எங்கே பெட்ரோல் கிடைக்கும்.
கூட்டல் சரியாக இருந்தது.

கோன் செட் மாற்றினேன்.
செயினுக்கு எண்ணெய் விடக் கற்றேன், விட்டதைத் துடைக்கவும்.
ஸ்போக்கை ஸ்பேனரால் தட்டிக் கேட்கணும்:
இறுகினது ணிங் என்கும்,
தளர்ந்தது ஒன்றும் சொல்லாது, தொப்பென்று கிடக்கும்.
பொடக்காலியில் துணிக்கல் மேலே
ஆயில் கேனும் புனலும் குடியேறின.
ஒரம்பரை வந்தால் வண்டியைச் சுற்றிக்கொண்டு
வீட்டுக்குள் வருகிறார்கள்.

ஒருநாள் தூக்கக் கலக்கத்தில்
செயின் ஸ்ப்ராக்கெட் செட், மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது என்று
நெல் வரத்துப் பக்கத்தில் எழுதிவிட்டேன்.
முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.
"இது என்ன ரகமுங்க?"

புரட்டாசியில் பண்ணாரி தாண்டி மேலே ஏறினேன்.
இருபத்தேழு வளைவு.
மூன்றில் பெருவிரல் ஊன்றினேன்.
பதினெட்டாவதில் கரும்பு லாரி
பின்பக்கமாக என்னை நோக்கி உருண்டது,
ஓரடி. அப்புறம் நின்றது.
திம்பத்தில் டீ குடிக்கும்போது கை நடுங்கி
பாதி டீ கிளவுஸுக்குப் போனது.
மீதி நன்றாக இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு போன்.
"ஏனுங், வண்டி நல்லாருக்குதுங்களா?"
"இருக்குதுங்."
"எங்கெங்க போனீங்க?"
"திம்பம்."
அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது.
"மேல வரைக்குமுங்களா?"
"மேல வரைக்கும்."

கேட்பதென்றால் அப்போது கேட்டிருக்கலாம்:
பதினாலு, பதினொண்ணு, முருங்கைப்பூ.
நான் எழுந்து போய்
சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தேன்.
செல்லை இஞ்சின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்,
தாழ்வாரத் தண்ணி முதுகில் விழ.
முதலில் தடுமாறியது, பிறகு ஒரே சீராக.
இரண்டு நிமிடம் இருக்கும்.
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"எக்ஸாஸ்ட் பக்கம் டேப்பட் அடிக்குதுங்" என்றார்.
"எச்சா நாள் விட்றாதீங்க."

ஞாயிறு காலை, இஞ்சின் பச்சைத்தண்ணியாட்டம் இருக்கும்போது
ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தேன்.
ஒரு தகடு எச்சாகவே நுழைந்தது.