பதினேழாம் மாதக் கணக்கு

விதைப்பது நெஸ்டர், அறுப்பது நெஸ்டர்,
வானிலை அறிக்கையைத் திட்டுவதும் அவன்தான்.
கூட்டுவதும் கழிப்பதும் நான்.

இந்த அக்டோபர் முழுக்க மழை.
கனோலா நனைந்தே வந்து சேர்ந்தது.
உலர்த்தி இரவும் பகலும் உறுமியது,
அதன் பசிக்குப் புரொப்பேன் லாரி நாலு முறை வந்தது.
பில்லைப் பிரித்தேன்.
மூன்றாம் வரியில் கரிம வரி.
நான்காம் வரியில் அந்த வரிக்கும் ஒரு வரி.

எள் காய்வது எண்ணெய்க்கு.
நாங்கள் காய்வது எதற்கு?
'மாற்று வழிகளுக்கு மாறுங்கள்' என்கிறது
ஒட்டாவாவிலிருந்து வந்த வழவழப்பான துண்டறிக்கை.
அட்டையில் சூரியகாந்தி வயல்.
சஸ்காச்செவனில் நவம்பர் வெயிலுக்கு
ஈரத்துணிகூடக் காயாது, விறைத்து நிற்கும்.
வாயால் ஊதிப் பார்க்கட்டுமா
எட்டாயிரம் புஷலை?

மூன்று மாதத்துக்கொரு முறை கொஞ்சம் திரும்பி வருகிறது.
வங்கிச் சீட்டில் அதற்குப் பெயர் ஊக்கத்தொகை.
என் பையிலிருந்து எடுத்து
என் கையிலேயே வைத்துவிட்டு
நன்றிக்காகக் காத்து நிற்கிறார்கள்.
ஊரான் வீட்டு நெய் என்றால்
எந்தக் கைக்கும் தாராளம் வந்துவிடும்.

சரி, நெஸ்டரின் இடுப்பு.

பதினேழு மாதம்.
யார்க்டனுக்கு மாதம் ஒருமுறை போன் செய்கிறேன்.
'வரிசையில் இருக்கிறீர்கள், கவலை வேண்டாம்.'
பாவம், இனிமையான பெண். பெயர் பிரியெல்.
அவளுக்குப் போன கோடையில் திருமணம்கூட ஆகிவிட்டது.

இலவசம்தான், மறுக்கவில்லை.
சீட்டில் போட்டிருப்பது பூஜ்யம்.
மீதியை அவன் கட்டுகிறான்:
டிராக்டருக்கு மூன்று படி,
படிக்கொரு உக்ரேனிய வசவு.
படுக்கையில் புரள முடியாமல்
நாற்காலியிலேயே விடிகிற இரவுகள்.
அந்தச் செலவை எழுத
என் நோட்டில் பத்தி இல்லை.

என் நாத்தனார் லாரிசா சஸ்கட்டூனில் நர்ஸ்.
'காசுள்ளவன் முந்திக்கொண்டால்
இல்லாதவன் எங்கே போவான்?' என்றாள்
கிறிஸ்துமஸ் விருந்தில், பீட்ரூட் சூப்புக்கு மேலே.

நியாயமான கேள்வி.
மருத்துவருக்குக் கன்றுக்குட்டியைக் கொடுத்துப்
பிள்ளை பெற்ற ஊர் இது.
இந்தத் திட்டத்துக்காகக் கை தூக்கியவர் என் மாமனார்.
எங்கள் இரண்டாவது மகள்
ஏழு வாரம் முந்திப் பிறந்தாள்.
முப்பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில்.
ஒரு டாலர் கேட்கவில்லை யாரும்.
அதை எழுதாமல் விட்டால்
நான் கணக்குப்பிள்ளையே அல்ல.

ஆனால் லாரிசா, அன்று ஒரு படுக்கை இருந்தது.
இன்று இருப்பது
படுக்கையைப் பற்றி ஆராய ஒரு குழு.
குழுவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஓர் ஆலோசகர்.
எங்கள் ஊர் அவசரப் பிரிவின் கதவில் ஒட்டியிருக்கிறது:
வெள்ளி மாலை முதல் மூடப்படும்.
மாரடைப்பைத் திங்களுக்குத் தள்ளிப்போடவும்
என்று மட்டும்தான் எழுதவில்லை.
'அது மாகாணத்தின் குற்றம்,
எல்லாவற்றையும் ஒட்டாவா தலையில் கட்டாதே' என்றாள்.
இருக்கலாம். யாருடையது என்று
அவர்கள் முடிவு செய்யட்டும்.
இடுப்பு எங்களுடையது.

பிப்ரவரியில் இருபத்திரண்டு பசுக்களை விற்றோம்.
ஐந்து மணி நேரம் தெற்கே, எல்லை தாண்டி, மைநாட்.
முதல் கேள்வி வலியைப் பற்றியதல்ல,
எப்படிக் கட்டுவீர்கள் என்பது.
அது எனக்குப் பிடித்தது என்று சொன்னால் பொய்.
ஆனால் செவ்வாய் போனோம்,
வியாழனன்று தாழ்வாரத்தில் நடந்தான்,
ஆஸ்பத்திரி அங்கியின் பின்பக்கம் திறந்தபடி,
ஒரு வசவும் இல்லாமல்.

வீடு திரும்பியதும் பிரியெலை அழைத்தேன்.
'நெஸ்டர் பெயரை அடித்துவிடு.
பின்னால் நிற்பவர் ஓர் அடி முன்னால் வரட்டும்.'
பெயரை நீக்கத் தனிப் படிவம் உண்டாம்.
பரிசீலிக்க எட்டு வாரம்.
சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்,
பிறகு மெல்லிய குரலில், மன்னியுங்கள் என்றாள்.

இரவு நோட்டைத் திறந்தேன்.
மைநாட் செலவை எந்தத் தலைப்பில் போடுவது?
தீவனம், எரிபொருள், விதை, வரி, வரிக்கு வரி...
மாடியிலிருந்து இறங்கிவரும் சத்தம்,
ஒவ்வொரு படியாக, நிதானமாக.
'இயந்திரப் பழுது' என்று எழுதினேன்.