யாரும் குடியிராத பாறை

ராத்திரி ஒன்பதே முக்காலுக்குத் தீர்த்தகிரி கூப்பிட்டான்.
"எழுநூத்தி நாப்பது அடி. வெறும் புகை.
நீதான் கல்லு படிச்சவளாச்சே,
நிறுத்தட்டுமா, சொல்லு."

பின்னால் கம்ப்ரஸர் அலறல்,
யாரோ இந்தியில் ராடு எண்ணுகிறார்கள்.
திருச்செங்கோட்டு வண்டி, சத்தீஸ்கர் பையன்கள்,
மாரண்டஅள்ளிக்கு மேற்கே எங்கள் தக்காளிக் காடு,
அடிக்கு இவ்வளவென்று ஏறிக்கொண்டே போகிற கணக்கு.

நான் சென்னையில், ஆய்வக மேசையில்,
வேறொரு தேசத்துக் கடலடியிலிருந்து வந்த
சுண்ணாம்புக் கல் உருளை ஒன்றோடு இருந்தேன்.
முழங்கை நீளம். அறுத்த முகத்தில்
கவட்டை கவட்டையாய்ப் பிரியும் பழுப்புப் பாதைகள்.
பத்துக் கோடி வருஷத்துக்கு முன்
இறால் சாதியில் ஏதோ ஒன்று
இளகிய சேற்றில் தோண்டிய வளை.
தோண்டியது கிடைக்கவில்லை. ஓடுகூட இல்லை.
வளைக்கு மட்டும் லத்தீனில் பெயர் வைத்திருக்கிறோம்.

அது போனபின் பருமணல் வந்து வளையை நிரப்பியது.
சுற்றிலும் சேறு கல்லானது.
வெகு காலம் கழித்து எண்ணெய் வந்தபோது
கல்லிடம் வழி கேட்கவில்லை,
வளையோடு போனது.

ஒரே உருளையில் இரண்டு துண்டு குடைந்தெடுத்தேன்,
நடுவே இரண்டு விரல் இடைவெளி.
ஒன்றில் வாயு முக்கி முனகிப் போனது: இரண்டு மில்லிடார்சி.
மற்றதில் எண்ணூறு.
அறிக்கையில் எதை எழுத?
சராசரி போட்டால்
அது இந்தக் கல்லில் எங்குமே இல்லாத எண்.

வளை நல்லது என்றும் சொல்லிவிட முடியாது.
எண்ணெயைத் தள்ளத் தண்ணீரை உள்ளே அழுத்தினால்
தண்ணீர் வளை வழியே குறுக்கே ஓடி
அடுத்த கிணற்றில் முதலில் தலைகாட்டிவிடும்.
எண்ணெய் இருந்த இடத்திலேயே கிடக்கும்,
பந்திக்கு எழுப்பாமல் விட்ட சொந்தக்காரன் மாதிரி.
சில வளைகளில் களிமண் அடைத்துக்கொள்ளும்.
அதெல்லாம் கதவில்லை, சுவர்.

"அக்கா, லைன்ல இருக்கியா?"

"இன்னும் போடு" என்றேன்.
படித்ததனால் சொல்லவில்லை.

பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது
ஆயிரத்து நூறில் நிறுத்தியிருந்தார்கள்.
தக்காளி இலையெல்லாம் விபூதி.
பையன்கள் ராடுகளின் மேலேயே தூங்குகிறார்கள்.
ஒரு கைப்பிடி அள்ளினேன்: கறுப்பு, பால்வெள்ளை, மறுபடி கறுப்பு.
இருநூற்றைம்பது கோடி வருஷத்துக் கல்.
இது இறுகிய நாளில்
தோண்டத் தெரிந்த ஒரு கால், ஒரு வாய்
உலகத்தில் எங்கும் முளைத்திருக்கவில்லை.
யாரும் குடியிருந்து காலி பண்ணாத கல்.

பெரிய சில்லாகப் பார்த்து
பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டேன்.
நின்றது, யோசித்தது, உருண்டு விழுந்தது.
நேற்று அந்த வளையின்மேல் விட்ட சொட்டு
நான் மூடி திருகுமுன் காணாமல் போயிருந்தது.

"வெடிப்பு இருந்தா வரும். இல்லேன்னா இல்ல"
என்றார் வண்டிக்காரர் பூங்காவனம், பல் துலக்கியபடி.
அதற்குமேல் சேர்க்க என்னிடம் ஒன்றுமில்லை.

ஆயிரத்து நாற்பதில் ஒரு வெடிப்பு இருந்திருக்கிறது.
அரை இஞ்ச்.
பல்லைக் காவியாக்கும் தண்ணீர்தான்,
தம்பி சிரித்தபோதும் நான் சிரித்தபோதும் அது தெரிந்தது.

குழாயோரம் வழிந்த சாம்பல் குழம்பு
வரப்பை எட்டி, ஓர் எலி வளைக்குள் திரும்பி
சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.
இரண்டு குமிழ் வந்தது.
"காசு குடுத்த தண்ணி" என்று
தீர்த்தகிரி மண்வெட்டியால் ஒரு கொத்து இழுத்து
வளையின் வாயை மிதித்து அடைத்தான்.

நாலடி தள்ளி, வரப்புக்கு அந்தப் பக்கம்,
ஒரு தக்காளிச் செடியின் அடியில்
ஈரம் தலைகாட்டியது.