மூன்றாம் மாடிப் பூனை

ஜெனிட்சா உருக்காலைப் புகைக்குக் கீழே
எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் பழுதாகி
இரண்டு பனிக்காலம் ஆயிற்று.
ராகிப் முன்பெல்லாம்
நிலக்கரி வாளியோடு ஐந்தாம் மாடிக்குச்
சீட்டியடித்துக்கொண்டே ஏறுவான்.

சீட்டி எப்போது நின்றது?
தெரியாது. நின்றுபோன ஒன்றை
எந்தக் காது கவனிக்கும்.

இருமலைக் கவனித்தேன்.
சேவல் வைத்திருக்கிறேன் என்று
பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.
ஜனவரியில் "பனிமூட்டம்" என்றான்.
ஏப்ரலில் "சிகரெட் ரகம் சரியில்லை."
ஜூலையில்
ஒன்றும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் மூன்றாம் மாடியில் நிற்கிறான்.
ஹய்ரியாவின் கிழட்டுப் பூனையைக்
குனிந்து தடவுகிறான்,
ஒரு கை கம்பியைப் பற்றியிருக்க,
தோள்கள் காதுவரை ஏறி இறங்க.
பிறகு, மெதுவாக, இன்னொரு தடவல்.

முப்பத்தொரு வருடமாகத் தெரியும்,
இவனுக்குப் பூனை பிடிக்காது.

நேற்று காபியை ஊதாமல்
ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.
என் பேச்சு பாதியில் நின்றது.
"என்ன?" என்றான்,
அந்த ஒற்றைச் சொல்லுக்கும்
மூச்சு எடுத்துக்கொண்டு.

வியாழக்கிழமைக்கு மருத்துவமனையில்
நேரம் வாங்கிவிட்டேன்.
ஒரு குழாயில் ஊதச் சொல்வார்களாம்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.
பூனைக்கு மீன் வாங்கி வரலாம், வா
என்றுதான் சொல்லியிருக்கிறேன்.